மடக்கெழுத்தாணி: பிடி யாருடையது, அலகு யாருடையது?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

பேனாக்கத்தி என்ற சொல் உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன மடக்குக் கத்தி. பென்சில் சீவ, மாங்காய் நறுக்க, சணல் அறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதன் பெயரில் பேனா எப்படி வந்தது என்று வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். "பேனா பக்கத்துல வச்சுக்கிறதால சார்" என்பதுதான் வழக்கமான பதில். உண்மையில் ஐரோப்பாவில் வாத்து இறகைச் சீவி மை தொட்டு எழுதிய காலத்தில், அந்த இறகு முனையைச் சீவுவதற்கென்றே இருந்த சிறு கத்தி அது. முனை தேயத் தேயச் சீவ வேண்டும். எழுதுகிறவன் பையில் கத்தி இருந்தே ஆக வேண்டும். கும்பெனிக்காரன் கப்பலோடு இறகும் வந்தது, கத்தியும் வந்தது. 1830களில் பர்மிங்காம் நகரத்தில் இரும்பு நிப்பு இயந்திரத்தில் மலிவாக வரத் தொடங்கியது. அதன்பின் இறகு போய்விட்டது. கத்தி மட்டும் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு நம் ஊர்ச் சந்தை வரைக்கும் வந்துவிட்டது.

இதை இப்போது எழுதக் காரணம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய படம். ஒரே கம்பெனியில் ஒரே மாதிரியில் இரண்டு மடக்குக் கத்தி வாங்கியிருக்கிறார். ஒன்றுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பிடி, இன்னொன்றுக்கு மரப்பிடி. சின்னத் திருகுகளைக் கழற்றி இதன் அலகை அதிலும் அதன் அலகை இதிலும் மாட்டிவிட்டார். இப்படிச் செய்வது அங்கே பலருக்குப் பொழுதுபோக்காம். "சார், இப்ப இதுல எது முதல் கத்தி, எது ரெண்டாவது கத்தி?" என்று கேட்டுச் சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார்.

அவருக்கு அது விளையாட்டு. நம் குடும்பத்தில் இதே கேள்விக்காக இரண்டு வீட்டார் ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு ஒருவர் போகாமல் இருந்த வருஷங்கள் உண்டு. அதனால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன், பேனாக்கத்தி வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த மடக்குக் கத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். பனையோலையில் எழுதிய காலத்து எழுத்தாணிகளில் மூன்று வகை உண்டு என்று உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் விளக்குகிறார். தலை கனத்து உருண்டையாக, நீளம் குறைவாக இருப்பது குண்டெழுத்தாணி. தலையில் கொண்டைக்குப் பதிலாகச் சிறு கத்தி அமைந்தது வாரெழுத்தாணி. ஓலையின் ஓரத்தைச் சீவி ஒழுங்காக்குவதற்கு வாருதல் என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர் அது. மூன்றாவதுதான் மடக்கெழுத்தாணி. ஒரு பிடி, அதன் ஒரு முனையில் கத்தி, மறு முனையில் எழுத்தாணி. இரண்டையும் மடக்கினால் பிடிக்குள் அடங்கிவிடும். மரம், கொம்பு, தந்தம் என்று அவரவர் வசதிக்குத் தகுந்த பிடி.

உ.வே.சா. பெயரைச் சொன்னதும் கும்பகோணமும் சென்னையும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நம் பக்கத்துப் பிள்ளைகளாவது இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் 1855இல் பிறந்தது தஞ்சைச் சீமை உத்தமதானபுரத்தில்தான். ஆனால் தமிழின் மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்தது நம் மண்ணில். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர், அரியலூர் ஜமீன் ஆதரவில் இருந்தவர். அரியலூரில் சடகோபையங்கார் பிள்ளைக்குத் தமிழ்ச் சுவையைக் காட்டினார். பிறகு குன்னம், கார்குடி, காரை, செங்கணம் என்று குடும்பம் நகர்ந்துகொண்டே இருந்தது. குன்னம் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம் கேட்டார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை படித்தார். 1871இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன் அவருக்குக் கிடைத்த தமிழில் பெரும்பங்கு இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கிடைத்ததுதான். பேருந்தில் குன்னத்தைத் தாண்டும்போது ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரியவரையும் விடக்கூடாது. அரியலூரிலிருந்து தெற்கே கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கிற ஏலாக்குறிச்சியில் இருந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்தவர் கையிலும் எழுத்தாணிதான். ஓலையில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேற்றுமை காட்டப் புள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள், படிக்கிறவன் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். நெடிலுக்குக் கீழே ஒரு கோடும் சுழியும் என்று அவர் வகுத்த மாற்றத்தில்தான் இன்றைக்கு நீங்கள் 'ஏன்', 'ஓலை' என்றெல்லாம் தட்டுகிறீர்கள். எழுத்தாணி முனையால் வந்த சிக்கலை எழுத்தாணி முனையாலேயே தீர்த்தவர்.

சரி, மடக்கெழுத்தாணி எப்படி வேலை செய்யும் என்று பார்ப்போம். ஓலையைப் பதப்படுத்தி எடுத்தபின் நடு ஈர்க்கை நீக்கி, ஓரத்தை வாரி, ஒரே அளவாக நறுக்க வேண்டும். அது கத்திப் பக்கத்து வேலை. பிறகு கத்தியை மடக்கிவிட்டு மறுபக்கத்து எழுத்தாணியை விரிக்க வேண்டும். இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்துப் பிறை மாதிரி வெட்டிக்கொள்வார்கள். அந்தப் பள்ளத்தில் எழுத்தாணி சாய்ந்து நிற்கும். எழுதி முடித்து மஞ்சளும் வசம்புக் கரியும் இலைச்சாறும் கலந்து தடவித் துடைத்தால் கீறிய இடத்தில் மட்டும் கறுப்புத் தங்கும்.

கவனியுங்கள், இரண்டு முனைக்கும் இரண்டு வித உழைப்பு. கத்தி ஈர்க்கில் மோதி மோதிப் பல் விழும். அதைச் சாணை பிடிப்பார்கள். சாணை பிடிக்கப் பிடிக்க அலகு ஒல்லியாகிக் கடைசியில் ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிடும். எழுத்தாணி முனை மழுங்கும், தேய்ப்பார்கள், குட்டையாகும். பிடிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. கை வியர்வையும் எண்ணெயும் பட்டுப் பட்டு வழவழப்பாகி இன்னும் அழகாகிவிடும். மரமாக இருந்தால் வெடிக்கலாம், கொம்பாக இருந்தால் பூச்சி அரிக்கலாம். மற்றபடி ஒரு பிடி நாலு அலகைத் தின்றுவிடும் என்பார்கள்.

அலகு மாற்றுவது கேட்கச் சுலபம், செய்யச் சுலபமில்லை. நம் ஊர்ப் பட்டறையில் சின்ன வயதில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் பிடியின் இருபுறமும் தட்டையாக அடித்திருக்கும் ஆணித் தலையை அரத்தால் ராவ வேண்டும். ராவும்போது பிடியில் கீறல் விழக்கூடாது. தலை போனதும் மெல்லிய துளைப்பானை வைத்து ஒரு தட்டு. ஆணி மறுபக்கம் வரும், பழைய அலகு கழன்றுவிடும். புது அலகுக்குப் பழைய அரத்துண்டு ஒன்றைக் காய்ச்சி எடுப்பார் ஆசாரி. அரத்து இரும்பு கெட்டி, கூர்மை நிற்கும். அடித்து நீட்டி, தோய்ச்சல் கொடுத்து (சிவக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் முக்கிக் கெட்டியாக்குவதற்கு அந்தப் பெயர்), பிறகு கொஞ்சம் சூடு காட்டி முறுக்கைத் தணிப்பார். தணிக்காவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அடியில் போடும் துளை ஆணியின் பருமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். மயிரளவு பெரிதானால் அலகு ஆடும். துளை ஒரு நெல்லளவு தள்ளிப் போனால் மடக்கும்போது நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மடியில் செருகினால் தொடையைக் குத்தும். ஆணியை அடிக்கும்போதும் இறுக்கிவிட்டால் விரிக்க முடியாது, தளர்ந்தால் தானே விரியும். வில் வைத்த பேனாக்கத்தியில் இன்னும் தொல்லை. அலகின் அடிக்கட்டை வில்லின் மேல் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில்தான் 'டக்' என்ற அந்தச் சத்தமே இருக்கிறது.

ஆகவே கையால் செய்த இரண்டு கத்திகளுக்குள் அலகை மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். ஒவ்வொரு அலகும் தன் பிடிக்கென்றே ராவப்பட்டது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் மாப்பிள்ளை இன்னொன்றுக்கு ஆகமாட்டார். எதை எதில் போட்டாலும் பொருந்தும் என்பது துப்பாக்கி செய்தவர்கள் கொண்டு வந்த எண்ணம். 1785இல் பாரிஸில் ஒனோரே பிளாங்க் என்பவர் துப்பாக்கிப் பூட்டின் உறுப்புகளைக் குவியலாகக் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் பொருந்தின. அதை நேரில் பார்த்து வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன். நம் மாணவர் திருகைக் கழற்றி விளையாடியதற்கு மூலம் அங்கே இருக்கிறது. அவருக்கும்கூட மாற்றிய அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் உரசியதாம். வாஷரை மாற்றிப் பார்த்துச் சரிசெய்தாராம். இயந்திரத்தில் செய்தாலும் கொஞ்சம் ஆசாரி வேலை தேவைப்படுகிறது.

இப்போது குடும்பக் கதை. வெளியார் மன்னிக்கவும், உறவுகள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவரிடம் ஒரு மடக்கெழுத்தாணி இருந்தது, கொம்புப் பிடி. அவர் காலத்திலேயே கத்தி அலகு முனை உடைந்து, பட்டறையில் புது அலகு போட்டுக்கொண்டார். உடைந்ததைத் தூக்கி எறியவில்லை, பரணில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். அவருக்குப் பிறகு பாகப்பிரிவினை. பெரிய மகன் மேலத்தெரு வீட்டுக்கும் சின்ன மகன் கீழத்தெரு வீட்டுக்கும் போனார்கள். எழுத்தாணி மேலத்தெருவுக்குப் போனது. அதற்குள் அதன் எழுத்தாணி முனை ரொம்பத் தேய்ந்து போயிருந்ததால் அவர்கள் அதையும் மாற்றிப் புதிது போட்டார்கள். கழற்றிய பழைய எழுத்தாணியைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் கீழத்தெருச் சின்னவர், அதாவது என் தாத்தா. பரணில் கிடந்த உடைந்த அலகையும் தேடி எடுத்தார். முனையைச் சாணை பிடித்து, இரண்டையும் ஒரு கருவேலம் பிடியில் மாட்டச் சொன்னார்.

ஆக, மேலத்தெருவில் இருப்பது கொள்ளுத்தாத்தாவின் பிடி, அலகும் முனையும் புதிது. கீழத்தெருவில் இருப்பது அவருடைய அலகும் முனையும், பிடி புதிது. சரஸ்வதி பூஜைக்கு இரண்டு வீட்டிலும் "தாத்தா எழுத்தாணி" என்று சந்தனம் வைத்தார்கள். யாருடையது உண்மை என்று ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்த பேச்சு, வேறு பழைய கணக்குகளையும் இழுத்துக்கொண்டு வந்து, நான் சொன்ன காதுகுத்து வரைக்கும் போனது.

நான் கல்லூரி படிக்கும்போது இந்தக் கேள்வி தத்துவப் புத்தகத்திலேயே இருப்பதைப் பார்த்து அசந்துவிட்டேன். ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்ற வீரனின் மரக்கலத்தைப் பாதுகாத்து, பலகை மட்கும்போதெல்லாம் புதுப்பலகை போட்டுவந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதினார். 1655இல் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு படி மேலே போனார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கலம் கட்டினால் எது தீசியஸின் கலம் என்று கேட்டார். மேலத்தெரு, கீழத்தெரு வழக்கு அதேதான். கத்தியை வைத்தே சொல்கிற ஊர்களும் உண்டு. பிரான்சில் ழானோவின் கத்தி என்பார்கள், அலகும் பிடியும் பலமுறை மாறியும் அதே கத்தி. ஹங்கேரியில் 1848 புரட்சித் தலைவர் கொஷூத்தின் மடக்குக் கத்தி என்று அதே கதை. லிக்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் 1798இல் கேலியாக எழுதிய ஏலப் பட்டியலில் 'அலகில்லாத கத்தி, பிடியும் காணவில்லை' என்று ஒரு பொருளைச் சேர்த்தார். ஊரெல்லாம் இந்தச் சண்டை நடந்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் எனக்குப் பிடித்த பதில் புத்தகத்தில் கிடைக்கவில்லை. பட்டறையில் கிடைத்தது. அந்தக் கருவேலம் பிடியைப் போட்ட ஆசாரியின் மகன், அவரும் அப்போது கிழவர். அவரிடம் போய், "பெரியவரே, ரெண்டுல எதுங்க எங்க தாத்தாவோடது?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "தம்பி, எங்க கணக்கு கூலிக் கணக்கு. அலகு மாத்துனா ரிப்பேர் கூலி. பிடி மாத்துனாலும் ரிப்பேர் கூலிதான். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தச் சொன்னா அது புதுசு, அதுக்குக் கூலி வேற. உங்க ரெண்டு வீட்டுக்கும் எங்கப்பா ரிப்பேர் கூலிதான் வாங்குனாரு" என்றார்.

ஒரே நாளில் மாற்றினால் புதிது. ஒவ்வொன்றாக மாறினால் பழையது. ஹாப்ஸுக்கு இந்தக் கூலிக் கணக்கு தெரிந்திருந்தால் கொஞ்சம் காகிதம் மிச்சமாகியிருக்கும் என்று நினைப்பேன். நம்மூரைச் சுற்றிப் பார்த்தால் அவர் சொன்னதற்குச் சாட்சி நிறைய.

சாத்தனூர் கல்மரத்துக்கு உங்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், நினைவிருக்கிறதா? 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது. நீளம் 18 மீட்டருக்கு மேல், வயது சுமார் 12 கோடி ஆண்டு. அதில் மரம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. மண்ணுக்குள் புதைந்திருந்தபோது தண்ணீரில் கரைந்துவந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் புகுந்து உட்கார்ந்துவிட்டது. அணு அணுவாக மாறியதால் உருவம் அப்படியே நின்றது, நாமும் மரம் என்றே சொல்கிறோம். ஒரே நாளில் மாறியிருந்தால் அது வெறும் பாறை.

நம் மாவட்டக் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம், சிரிப்புக்கு. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மறுபடி ஒட்டிக்கொண்டது. 2007இல் மறுபடி பிரிந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் முகவரி எழுதுகிறவன் பட்ட பாடு பள்ளிக்கூட எழுத்தர்களுக்குத்தான் தெரியும். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, பிடிதான் மாறிக்கொண்டிருந்தது.

சொற்களும் அப்படியே. ஓலை போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாளேடு, பதிவேடு, குறிப்பேடு என்று ஏடு மட்டும் இருக்கிறது. மதுரையில் எழுத்தாணிக்காரத் தெரு இருக்கிறது, எழுத்தாணி வேண்டுமென்று அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். கும்பெனியில் இறகு பிடித்து எழுத வந்த கடைநிலை உத்தியோகஸ்தனுக்கு ரைட்டர் என்று பட்டம். இறகு போய், கும்பெனி போய், காவல் நிலையத்தில் ரைட்டர் மட்டும் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

இவ்வளவு சொன்னபின், ஆசாரியின் கணக்கு பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. அது ஏடு. தமிழாசிரியன் என்ற முறையில் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஓலைச் சுவடிக்கு ஆயுசு சில நூற்றாண்டுதான். அதற்குள் பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். ஒடிவதற்குள் புது ஓலையில் பார்த்து எழுதிவிட வேண்டும். அப்படித்தான் சிந்தாமணியும் சிலம்பும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் உயிரோடு வந்து சேர்ந்தன. இன்றைக்கு நம்மிடம் இருக்கிற சங்கப் பாட்டுச் சுவடி எதுவும் சங்ககாலத்து ஓலை இல்லை. எத்தனையாவது அலகு என்று எண்ண முடியாத அலகு அது. இதுவரைக்கும் ரிப்பேர் கூலிக் கணக்கு சரிதான். ஆனால் கத்தி அலகைப் புதிதாக அடிக்கும்போது ஆசாரி பழைய அலகின் தழும்பையும் சேர்த்து அடிப்பதில்லை. ஏடு எழுதுகிறவரோ பழைய பிழையைப் பெயர்த்து எழுதிவிட்டு, தன் கை பிசகியதையும் சேர்த்துவிடுவார். ஒவ்வொரு கை மாறும்போதும் பாடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நகர்ந்தது தெரிய வேண்டுமானால் பழைய ஏடும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம்மவர்கள் அதைத்தான் வைக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வீட்டில் வண்டிக்கணக்காக இருந்த சுவடிகளை ஆடிப்பதினெட்டில் ஆற்றோடு விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு உ.வே.சா. வயிறெரிந்து எழுதியிருக்கிறார். பக்தியோடுதான் விட்டார்கள், அலட்சியத்தால் இல்லை. அதுதான் இன்னும் வருத்தம். அவர் 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அச்சேற்றியபோது செய்த வேலை என்ன? ஒரே நூலின் பல பிரதிகளை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, எந்தச் சொல் எந்தக் கையில் மாறியது என்று பார்த்தார். அப்படியும் தான் ஒதுக்கிய பாடத்தைத் தூக்கி எறியாமல் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போட்டு வைத்தார். மாற்றலாம், கழற்றியதை வைத்திரு என்பதுதான் அந்தக் குடுமிக்காரரின் முறை. எங்கள் கொள்ளுத்தாத்தா உடைந்த அலகைத் தகர டப்பாவில் போட்டதும் அதேதான், தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ.

ஆகவே மேலத்தெரு, கீழத்தெரு வழக்கில் என் தீர்ப்பு இது. நான் கீழத்தெருக்காரன், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். இரண்டும் தாத்தாவின் எழுத்தாணிதான். அவர் கை பட்டது மேலத்தெருவில் இருக்கிறது, அவர் எழுதியது கீழத்தெருவில் இருக்கிறது. இரண்டையும் கழற்றிப் பழைய பிடியில் பழைய அலகைச் சேர்த்து ஒன்றாக்கலாம் என்று போன பொங்கலுக்கு ஒரு மருமகப்பிள்ளை யோசனை சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. சாணை பிடித்துக் குட்டையான அலகு அந்தப் பிடியில் இப்போது ஆடும். தவிர, அந்தக் கருவேலம் பிடியைத் தேய்த்த கை என் தாத்தாவுடையது. மேலத்தெருப் புது முனையால் பெரிய தாத்தா தன் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் காட்டியிருக்கிறார். அதையெல்லாம் யார் வெட்டி எறிவது?

இது வீட்டு விஷயம் மட்டுமில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பொருள் தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடியானால் எழுபத்தைந்து வருஷம் போதும். பிடிக்கு நூற்றைம்பது, அலகுக்கு ஐம்பது என்றால் பொருளுக்கு வயது என்ன? சட்டம் படித்த மாணவர்கள் யோசித்துச் சொல்லுங்கள். இந்தக் குழப்பத்தில் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்றின் பிடியில் வேறொன்றின் அலகை மாட்டி, துருவேற்றி, பழசென்று விற்பது உலகமெங்கும் நடக்கிற வியாபாரம். ஆசாரி செய்ததும் அதே வேலைதான், ஆனால் அவர் ரிப்பேர் என்று சொல்லித்தான் கூலி வாங்கினார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அலமாரியிலோ எழுத்தாணி, மடக்குக் கத்தி, ஏடு ஏதாவது இருக்கிறதா என்று இந்த விடுமுறையில் பாருங்கள். குன்னம், செந்துறை, ஆலத்தூர், உடையார்பாளையம் பக்கத்துப் பழைய கணக்குப்பிள்ளை வீடு, வாத்தியார் வீடு, வைத்தியர் வீடுகளில் கட்டாயம் தேடுங்கள். கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், இரும்பில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். ஆணித் தலைகளை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கத்து ஆணி மங்கலாகவும் மறுபக்கத்து ஆணி பளிச்சென்றும் இருந்தால், அல்லது ஆணியைச் சுற்றிப் பிடியில் அரம் உரசிய கீறல் இருந்தால், அங்கே அலகு மாறியிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் எப்போது, யார் மாற்றியது என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். கழற்றிய துண்டு எங்காவது கிடந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். விற்கக் கேட்டு யாராவது வந்தால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

படம் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழேயே போடலாம். விரித்து ஒன்று, மடக்கி ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும்.